பதினைந்தில் ஒன்று

ஏக்கருக்கு இரண்டு கிலோ எள் விதை போதும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஆயிரம் எள்ளை எடைபோட்டால் சுமார் 3 கிராம் வரும். அப்படியானால் இரண்டு கிலோவில் ஆறரை லட்சம் விதைகள் இருக்கின்றன. அதே பரிந்துரையில் இன்னொரு வரியும் உண்டு. வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அந்தக் கணக்கில் ஓர் ஏக்கரில் நிற்க வேண்டியவை 45,000 செடிகள். பதினைந்து விதைக்கு ஒரு செடி. மற்ற பதினான்கில் சில முளைக்காது, சிலவற்றை எறும்பு இழுத்துக்கொண்டு போகும். மிச்சமெல்லாம் முளைத்துப் பச்சைக் கம்பளமாக நிற்கும். அவற்றை 15ஆம் நாள் ஒரு தடவையும் 30ஆம் நாள் ஒரு தடவையும் ஆள் வைத்துப் பிடுங்கிப் போட வேண்டும்.

இதற்குப் பயிர் கலைத்தல் என்று பெயர். கடையில் வாங்க வேண்டிய பொருள் எதுவும் இதில் இல்லை. மருந்து இல்லை, உரம் இல்லை, இயந்திரம் இல்லை. எள் சாகுபடி பற்றி அச்சடித்த எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் இது இருக்கும். இருந்தும், புதிய ரக விதையை ஆவலாக வாங்கிப் போகிற சிறு விவசாயி இந்த ஒரு வேலையை அரைகுறையாகச் செய்வார், அல்லது விட்டுவிடுவார். செலவு வைக்கும் யோசனைகள் பரவுகின்றன, செலவே இல்லாதது போலத் தெரியும் யோசனை நின்றுவிடுகிறது. இதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். எள்ளின் உடலமைப்பையும் அது விளையும் காட்டின் கூலிக் கணக்கையும் ஒருசேரப் பார்த்தால் வேறு பதில் கிடைக்கிறது.

தூத்துக்குடி என்றதும் துறைமுகமும் உப்பளமும் முத்துக்குளிப்பும் நினைவுக்கு வரும், எள் வராது. ஆனால் கடற்கரையை விட்டுச் சற்று உள்ளே போனாலே மாவட்டத்தின் மண் மூன்று விதமாகப் பிரிந்துவிடும். ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கம் கரிசல். சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் செம்மணல் தேரி. இரண்டுக்கும் நடுவே ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாகத் தாமிரபரணிப் பாசனத்து நஞ்சை. எள் என்பது பெரும்பாலும் இவற்றின் ஓரத்தில் இடம் பிடிக்கும் பயிர். மானாவாரிக் காட்டில் மழையை நம்பி விதைப்பார்கள். தண்ணீர் வசதி உள்ள இடத்தில் மாசிப் பட்டத்தில் போடுவார்கள். 80 முதல் 90 நாளில் வேலை முடிந்துவிடும். கரிசலில் மக்காச்சோளத்துக்கும் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் கொடுக்கும் கவனம் எள்ளுக்குக் கிடைப்பதில்லை. எள் பயிரிடுகிறவர் எள்ளை மட்டும் பயிரிடுகிறவர் அல்லர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி நிலம் 0.75 எக்டர்தான். அதற்குள்தான் எல்லாப் பயிரும் ஒரே இரண்டு கைகளுக்காகப் போட்டி போடுகின்றன.

எள்ளின் குழந்தைப் பருவம் மிகவும் மந்தமானது. விதையில் இருக்கும் உணவு அவ்வளவு கொஞ்சம். முளைத்த முதல் மூன்று, நான்கு வாரங்கள் செடி மேலே ஏறாமல் நிற்கும். அந்தச் சமயத்தில் களை அதை மிஞ்சி வளர்ந்துவிடும். அதைவிட மோசமான போட்டி பக்கத்திலேயே நிற்கும் சொந்தக்காரச் செடிகளிடமிருந்து வருகிறது. ஒரே ஆழத்தில் வேர், ஒரே உயரத்தில் இலை, ஒரே நேரத்தில் பசி. நெருக்கத்தில் மாட்டிக்கொண்ட எள் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீளும், கிளை விடாது. எள்ளில் காய் பிடிப்பது இலைக் கக்கத்தில். அடிக்கணுக்கள் நிழலில் வெறுமையாகிவிட்டால் உச்சியில் மட்டும் நாலைந்து காய்கள் மிஞ்சும். இடம் கிடைத்த செடி பக்கக் கிளைகளை விட்டு, கீழிருந்து மேல் வரை கணுவுக்குக் கணு காய்க்கும். ஒரு காய்க்குள் ஐம்பது முதல் எண்பது விதைகள் வரை இருக்கும் என்பதால் ஒரு கிளை கூடுவதும் குறைவதும் சில்லறை விஷயமில்லை. ஒரு சதுர மீட்டரில் 11 செடி என்ற எண்ணிக்கை இந்தக் காரணத்தால்தான் வந்தது.

இடைவெளியின் அருமை தெரியாதவர்கள் அல்லர் நம் விவசாயிகள். நெல்லுக்கு நண்டு ஓட வேண்டும், வாழைக்கு வண்டி ஓட வேண்டும், தென்னைக்குத் தேர் ஓட வேண்டும் என்று பழமொழியாகவே வைத்திருக்கிறோம். இந்த மூன்றும் கையால் எண்ணி நடக்கூடிய பயிர்கள். எள்ளை எண்ணி நட முடியாது. கைப்பிடியில் அள்ளினால் ஆயிரக்கணக்கில் வரும், விரலிடுக்கில் வழுக்கி ஓடும். அதனால்தான் விதையைப் போல நான்கு பங்கு மணலைக் கலந்து தூவச் சொல்கிறார்கள். மணல் கலந்தாலும் சதுர மீட்டருக்கு 165 விதை விழுகிறது. எள் போட்டால் எள் விழாத கூட்டம் என்று நாம் திருவிழாவைச் சொல்வோம். அந்த நெரிசல் எள் காட்டிலேயே உண்டு.

அப்படியானால் விதையளவைக் குறைக்கலாமே? குறைப்பதற்குப் பதிலாக விவசாயி பரிந்துரைக்கும் மேலேயே இன்னொரு பிடி தூவுகிறார். காரணம் இருக்கிறது. எள் விதையை ஆழமாகப் போட முடியாது. மூன்று சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அந்தச் சிறு முளைக்கு மேலே வரத் தெம்பு போதாது. மேலாகப் போட்டால் இரண்டு நாள் வெயிலில் மேல்மண் காய்ந்துவிடும். விதைத்த மறுநாள் ஒரு சாரல் விழுந்து பிறகு வெயில் அடித்தால் மண் மேலே தட்டிப்போய் இறுகும், முளை அடியில் மடிந்துவிடும். எந்த இடத்தில் விதை பிழைக்கும், எந்த இடத்தில் சாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத காட்டில், விதைதான் மலிவான காப்பீடு. அரைக் கிலோ எள் கூடுதலாகப் போவதால் ஆகும் நஷ்டம், காடு திட்டுத் திட்டாக வெறுமையாகக் கிடந்து மறுவிதைப்புக்கு மழையும் இல்லாமல் போவதால் ஆகும் நஷ்டத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை. அடர விதைப்பது சரியான முடிவுதான். அந்த முடிவின் கடன் 15ஆம் நாள் வந்து நிற்கிறது.

அந்தக் கடனை எண்ணிப் பார்க்கலாம். மூன்றில் இரண்டு பங்கு விதை முளைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 110 செடி. 11 மட்டும் நிற்க 99 போக வேண்டும். ஏக்கருக்கு நான்கு லட்சம் செடிகள். ஒரு பெண் நிமிடத்துக்கு 30 செடி வீதம் நாளுக்கு ஆறு மணி நேரம் குனிந்து பிடுங்கினால் 37 ஆள் வேலை. நடைமுறையில் களைக்கொத்தோடு சேர்த்தே வரிசைக்கு நடுவில் இருப்பவை போய்விடும் என்பதால் இவ்வளவு ஆகாது. பாதியாக, கால்வாசியாகக் குறைந்தாலும் அது வீட்டு ஆட்களால் முடிகிற வேலை இல்லை. கூலிக்கு ஆள் வேண்டும்.

ஆள் யார்? இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் பெண்கள். கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்தில் தீப்பெட்டித் தொழில் அவர்களை ஆண்டு முழுவதும் அழைக்கிறது. கடற்கரையோரம் உப்பளம் அழைக்கிறது. உப்பு வாருவது தை, மாசியில் தொடங்கிப் பங்குனி, சித்திரை வெயிலில் உச்சத்துக்குப் போகும். மாசிப் பட்டத்து எள்ளைக் கலைக்க வேண்டிய நாட்களும் அவைதான். எள் காட்டில் குனிவதற்கு இரண்டு நாள் கூலி கிடைக்கும். மற்ற இடங்களில் வாரக் கணக்கில் கிடைக்கும். கலைப்பை நாலு நாள் தள்ளிப் போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வேர் பின்னிக்கொண்ட பிறகு ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்துச் செடியும் ஆடிவிடும். ஒரு குறுகிய காலக் கதவு, அது திறந்திருக்கும்போது ஆள் இல்லை.

வரவைப் பார்ப்போம். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 9,846 ரூபாய். கலைத்ததால் ஏக்கருக்கு 50 கிலோ கூடுதலாகக் கிடைத்தால் 4,900 ரூபாய் சொச்சம். மழை சரியாகப் பெய்து, பூச்சி வராமல், விலையும் நின்றால். அந்த மூன்றும் கைகூடுமா என்று 15ஆம் நாளில் யாருக்கும் தெரியாது. கூலியோ அன்று மாலையே கொடுத்தாக வேண்டும். “கலைச்சாக் கூலிக்குக் கட்டுமா?” என்ற கேள்வியில் அறியாமை எதுவும் இல்லை. அது வாய்ப்புக் கணக்கு.

புதிய முறைகள் விவசாயிகளிடையே எப்படிப் பரவுகின்றன என்பதை முதன்முதலாகக் கறாராக எண்ணிப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த இரண்டு சமூகவியலாளர்கள். பிரைஸ் ரயான், நீல் கிராஸ் இருவரும் 1943இல் வெளியிட்ட ஆய்வில் 259 மக்காச்சோள விவசாயிகளை விசாரித்தார்கள். 1928இல் யாரோ ஒருவர் இருவர் வீரிய ஒட்டு விதையைப் போடத் தொடங்க, 1941க்குள் இரண்டே பேரைத் தவிர எல்லோரும் மாறிவிட்டார்கள். முதலில் மெதுவாக, பிறகு விறுவிறுவென்று, கடைசியில் மறுபடி மெதுவாக. செய்தியை முதலில் கொண்டு வந்தவர் விதை விற்பனையாளர், நம்ப வைத்தவர் பக்கத்துக் காட்டுக்காரர். எவரெட் ரோஜர்ஸ் 1962இல் எழுதிய புகழ்பெற்ற நூலின் அடித்தளங்களில் இந்த ஆய்வும் ஒன்று. ஒரு புதுமை பரவ வேண்டுமென்றால் பலன் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பழக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும், சிக்கலில்லாமல் இருக்க வேண்டும், கொஞ்சமாகச் செய்து பார்க்க முடிய வேண்டும், பிறர் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று அவர் வகுத்தார்.

அயோவா கதையைக் கரிசலில் தேடினால் எள்ளில் கிடைக்காது, மக்காச்சோளத்தில் கிடைக்கும். தனியார் நிறுவனங்களின் ஒட்டு விதை இங்கும் வேகமாகத்தான் பரவியது. ஒட்டு விதையின் விளைச்சலை எடுத்து மறுபடி விதைத்தால் பலன் குறையும் என்பதால் ஆண்டுதோறும் வாங்கியாக வேண்டும். ஆண்டுதோறும் வாங்குகிறவர் இருந்தால் விற்பனையாளர் ஊர் ஊராக வருவார். 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைச் சூறையாடியபோதும் மருந்துக் கடைக்காரர் வாசலில் நின்றார். எள் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர். ஒருமுறை வாங்கிய விதையைச் சில ஆண்டுகள் வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம். விவசாயிக்கு இது வரம், விதை வியாபாரத்துக்கு இதில் லாபமில்லை. ஆகவே எள்ளுக்காக வீடு தேடி வரும் விற்பனையாளர் கிடையாது. திண்டிவனத்திலிருந்தும் விருத்தாசலத்திலிருந்தும் வரும் அரசு ரகங்கள், வேளாண் விரிவாக்க மையத்து மானிய விதைப் பை, கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி, வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையம் போன்றவற்றின் செயல்விளக்கத் திடல்கள், இவ்வளவுதான் வழி.

அந்த வழியில் எது நன்றாகப் போகிறது, எது போகவில்லை என்பதற்கும் ஆய்வுலகத்தில் முன்னுதாரணம் உண்டு. டெரெக் பையர்லீயும் எடித் ஹெஸ்ஸே தெ பொலாங்கோவும் மெக்சிகோவின் மேட்டுநிலத்து பார்லி விவசாயிகளைப் பற்றி 1986இல் எழுதினார்கள். நிபுணர்கள் விதை, உரம், களைக்கொல்லி என்று ஒரு கட்டாகக் கொடுத்தார்கள். விவசாயிகள் கட்டைப் பிரித்து, எந்த ஒன்று போட்ட பணத்துக்கு அதிகம் தருமோ, எதில் ஆபத்துக் குறைவோ அதை முதலில் எடுத்துக்கொண்டார்கள். அடுத்ததைச் சில ஆண்டுகள் கழித்து எடுத்தார்கள். எள்ளிலும் இந்தத் தர்க்கம் அப்படியே பொருந்தும். புதிய ரகம், டிரைக்கோடெர்மா கலந்து விதை நேர்த்தி, மணலோடு கலந்து தூவும் மாங்கனீசு சல்பேட் ஆகியவை பொட்டலமாகக் கையில் கொடுக்கக்கூடியவை. கலைத்தலைப் பொட்டலம் கட்ட முடியாது. பத்துப் பரிந்துரையில் ஆறைப் பின்பற்றுகிறவரை ‘நடுத்தர ஏற்பாளர்’ என்று மதிப்பெண் போடும் ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். எந்த ஆறு, ஏன் அந்த ஆறு என்று கேட்காத மதிப்பெண்ணால் யாருக்கும் பயனில்லை.

இதே மாவட்டத்துக் கடலில் இதைவிடக் கூர்மையான உதாரணம் இருக்கிறது. இயற்கை முத்துப் பார்களில் கடைசியாகப் பெரிய குளிப்பு நடந்தது 1961இல். 1973இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி, முத்துச்சிப்பிக்குள் கரு வைத்து உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். அறிவியலாகப் பார்த்தால் முழு வெற்றி. ஆனால் அரை நூற்றாண்டு ஆகியும் அது இந்தக் கரை மீனவர்களின் தொழிலாகவில்லை. சிப்பிக்கு அறுவை செய்யும் பயிற்சி, கடலில் மிதவைக்கு இடம், மாதக்கணக்கில் காத்திருக்கும் முதல் என்று ஒரேயடியாக எல்லாம் வேண்டும். கொஞ்சமாகச் செய்து பார்க்க வழியில்லாத புதுமை அது.

எள்ளில் ஒருவர் தனியாக ஏற்றுக்கொண்டு பயனில்லாத முறைகளும் உண்டு. பூக்க வேண்டிய இடத்தில் பூவிதழெல்லாம் பச்சை இலைகளாக மாறி, கொத்துக் கொத்தாகத் தொங்கி, காயே பிடிக்காமல் போகும் ஒரு நோய் இருக்கிறது. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது. செடியின் சாற்றுக் குழாய்களில் வாழ்ந்துகொண்டு, பூவை உருவாக்கும் கட்டளைகளைக் குலைத்துவிடும். இதை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது தத்துப்பூச்சி. பாதித்த செடியைக் கண்டதும் பிடுங்கி அழி என்பது பரிந்துரை. நான் பிடுங்கி, பக்கத்துக் காட்டுக்காரர் பிடுங்காவிட்டால் பூச்சி வரப்பில் நிற்காது. ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலையைத் தனி விவசாயியின் கடமையாக எழுதி வைத்திருக்கிறோம்.

வடிகால் விஷயத்திலும் தனி விவசாயியின் முயற்சிக்கு ஓர் எல்லை உண்டு. எள் வறட்சியைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. வேருக்குக் காற்று கிடைக்காமல் இரண்டு நாள் நின்றாலே இலை மஞ்சளாகும், பின்னாலேயே வேரழுகல் வரும். தூத்துக்குடியில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடும். கரிசலோ நனைந்தால் நீரைக் கீழே விடாது. பாத்தியை உயர்த்திச் சால் எடுப்பது சரியான யோசனைதான். ஆனால் 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 946 மில்லிமீட்டர் பெய்தது. மாவட்டம் ஓராண்டில் பார்க்கும் மழையைவிட அதிகம். அதற்கெல்லாம் பாத்தி பதில் சொல்லாது.

விற்கும் இடத்துக்கு வருவோம். தெற்கத்திச் செக்குகளில் எள்ளோடு கருப்பட்டியும் சேர்த்து ஆட்டுவார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே உண்டு. ருசிக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அரைபடும் எள் மாவில் கருப்பட்டியின் ஈரமும் பிசுக்கும் சேரும்போது பிண்ணாக்குத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், எண்ணெய் தனியாகப் பிரிந்து வழியும். எள்ளின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். அதில் செசமின், செசமோலின் போன்ற பொருட்கள் இயற்கையாகவே இருந்து சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் காப்பதால்தான் ஊறுகாய்ப் பானைக்கு நல்லெண்ணெயைத் தவிர வேறு எதையும் பாட்டிமார் ஊற்ற விடவில்லை. (சனிக்கிழமைக் குளியலைப் பற்றி நான் கருத்துச் சொல்லப் போவதில்லை.) வியாபாரி விலை பேசும்போது பார்ப்பது நிறம், ஈரம், கல் மண். வெள்ளை எள்ளுக்கு ஒரு விலை, கறுப்புக்கு ஒரு விலை, கலந்து கிடந்தால் குறைந்த விலை. வீட்டு விதையை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் போட்டால் கலப்பு கூடிக்கொண்டே போகும். புதிய ரக விதை பரவுவதற்கு விளைச்சலைவிட இந்த ஒரே நிறம் பெரிய தூண்டுதலாக இருக்க முடியும். களத்தில் எடை போடும்போதே பணமாகத் தெரிவதால்.

பரிந்துரைகளில் மிகவும் நுட்பமானது அறுவடை பற்றியது. எள் கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போகும் செடி. அடிக்காய் முற்றும்போது உச்சியில் பூ இருக்கும். எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவது என்பது கிடையாது. காத்திருந்தால் அடிக்காய் வாய் பிளந்து விதை மண்ணில் கொட்டும். அவசரப்பட்டால் மேல்காயில் பால் பருவத்துச் சப்பட்டை மிஞ்சும். கால்வாசி இலை கீழிருந்து உதிர்ந்து, தண்டும் பாதி உயரம் வரை காயும் மஞ்சளானதும், கீழிருந்து பத்தாவது காயைப் பிளந்து பார்க்கச் சொல்கிறது பல்கலைக்கழகம். கறுப்பு ரகத்தில் அந்தக் காயின் விதை கறுத்திருந்தால் அறுக்கலாம். அறுத்த செடிகளைத் தண்டு வெளியே, தலை உள்ளே இருக்கும்படி வட்டமாக அடுக்கி, வைக்கோல் மூடி மூன்று நாள் புழுங்க வைக்க வேண்டும். உள்ளே சூடும் ஈரமும் ஏறும், மேல்காயும் பழுத்துவிடும். பிரித்து உதறினால் முக்கால்வாசி விதை அன்றே கொட்டிவிடும், மிச்சம் ஒரு நாள் வெயிலுக்குப் பிறகு. இதை விவசாயிகள் விரும்பி ஏற்கிறார்கள், ஏற்கத் தேவையே இல்லை என்றும் சொல்லலாம். போர் போட்டுப் புழுங்க வைப்பது எள்ளோடு கூடவே வந்த பழக்கம், பல்கலைக்கழகம் அதற்கு நாள் கணக்குக் கொடுத்திருக்கிறது.

காய் வெடிப்பது காட்டுச் செடியின் குணம். எள்ளின் காட்டு மூதாதை இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது என்பதைத் தாவரவியலாளர் டோரதியா பெடிகியன் பல ஆண்டு ஆய்வில் நிலைநாட்டினார். செசமம் மலபாரிகம் என்ற அந்தச் செடி மலையாளக் கரையில் இன்னும் தானாக முளைக்கிறது. தூத்துக்குடி மணலில் செருப்பைக் குத்தும் யானை நெருஞ்சியும் எள்ளின் குடும்பம்தான். ஹரப்பா அகழாய்வில் கருகிய எள் கிடைத்திருக்கிறது என்றால் நாலாயிரம் ஆண்டுக்கு மேலாக மனிதன் இதை விதைக்கிறான். நெல்லும் கோதுமையும் அந்தக் காலத்துக்குள் உதிராத கதிரைப் பெற்றுவிட்டன. உதிர்ந்தது காட்டில் போயிற்று, உதிராதது களத்துக்கு வந்து மறு ஆண்டு விதையாயிற்று, அப்படியே குணம் மாறியது. எள்ளில் ஏன் மாறவில்லை? காய் வெடிக்கும் முன்பே செடியோடு அறுத்துவிட்டதால் வெடிப்பதும் வெடிக்காததும் ஒன்றாகவே வீடு வந்து சேர்ந்தன என்பது ஒரு விளக்கம். எனக்கு அதோடு சேர்த்து இன்னொன்றும் தோன்றுகிறது. வெடித்த காயைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் போதும், அடிக்க வேண்டாம், மிதிக்க வேண்டாம், மாடு கட்ட வேண்டாம். கையால் வேலை செய்கிறவனுக்கு இந்தக் குணத்தை ஒழிக்க என்ன அவசரம்?

1943இல் வெனிசுவேலாவில் டெரால்ட் லாங்ஹாம் வெடிக்காத காயுள்ள ஒரு எள் செடியைக் கண்டுபிடித்தார். (அதே 1943இல்தான் ரயானும் கிராஸும் அயோவா ஆய்வை வெளியிட்டார்கள், நம் திண்டிவனத்திலிருந்து டி.எம்.வி. 3 ரகமும் வந்தது. எள்ளுக்கு அது ஒரு நல்ல வருடம்.) எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் அந்தக் காய் அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொண்டது, விதையை வெளியே எடுக்க நசுக்க வேண்டியிருந்தது, மென்மையான எள் அடிபட்டுப் போயிற்று. அதன் பிறகு பல பத்தாண்டுகள் உழைத்துத்தான், காய் நுனி சற்றே திறந்து, ஆனால் விதையை விடாமல் பிடித்திருக்கும் ரகங்களை அமெரிக்காவில் உருவாக்கினார்கள். டெக்சஸ், ஓக்லஹோமா காடுகளில் இன்று அவற்றை அறுவடை இயந்திரம் நின்றபடியே அறுக்கிறது. அந்த விதையைக் கொண்டுவந்து விளாத்திகுளத்தில் முக்கால் ஏக்கர்க்காரருக்குக் கொடுத்தால், உதறினால் கொட்டாத எள்ளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மக்காச்சோளத்தை அறுக்கும் இயந்திரம் ஏற்கெனவே கரிசலுக்கு வந்துவிட்டது. விதைக்குக் களிமண் பூசி உருட்டிப் பெரிதாக்கினால் இயந்திரமே ஓர் அடிக்கு ஒன்றாகப் போடும், கலைத்தல் என்ற வேலையே பரிந்துரையிலிருந்து உதிர்ந்துவிடும். விவசாயியை மாற்றுவதைவிட அந்த வேலையை ஒழிப்பதில் ஆராய்ச்சிப் பணத்தைப் போடலாம் என்பது என் கட்சி. விதைப்பில் ஆள் குறைந்தால் அடுத்த நெருக்கடி அறுப்பில் வரும். காய் வெடிக்கும் குணம் வசதியாக இருப்பது உதறக் கை இருக்கும்வரைதான். ஒரு ரகத்தைக் கலப்பில் தொடங்கி விவசாயி கைக்குக் கொண்டுவரப் பத்தாண்டுக்குக் குறையாமல் ஆகும். திண்டிவனத்திலோ விருத்தாசலத்திலோ இப்போது கலப்புச் செய்கிறவர், பத்து வருடம் கழித்து உப்பளத்துக்கும் தீப்பெட்டிக்கும் போக மிச்சம் எத்தனை பேர் எள் காட்டுக்கு வருவார்கள் என்பதையும் ஊகித்துத்தான் மகரந்தத்தைத் தொட வேண்டியிருக்கிறது.